பெட்ரோலைக் குளிப்பாட்டியவர்

லேப் சார் தம் வாழ்நாளில் ஒரு வகுப்புகூட எடுத்தவர் அல்லர். ஒரு மேல்நிலைப் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் முப்பத்து நான்கு வருஷம் உதவியாளராக இருந்தார். சோதனைக் குழாய்களைக் கழுவிக் கவிழ்த்து வைப்பது வேலை. கழுவிய குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார். கடுகளவு கறை தெரிந்தாலும் மறுபடி கழுவுவார். யார் ஆசிரியர், யார் உதவியாளர் என்று பிரித்துப் பார்க்கப் பிள்ளைகளுக்கு நேரமில்லை. வெள்ளைக் கோட்டுப் போட்டவரையெல்லாம் 'சார்' என்றார்கள். ஓய்வுபெற்ற அன்று ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். கடிகாரம் ஆறே மாதத்தில் நின்றுவிட்டது. 'சார்' இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கடிகாரத்தோடு இன்னொன்றும் வீட்டுக்கு வந்தது. மூன்று லிட்டர் கொள்ளும் கண்ணாடிப் பிரிபுனல். பேரிக்காய் வடிவம், கூம்பிய அடியில் ஒரு சின்னத் திருகு. ஒன்றோடொன்று கலக்காத இரண்டு திரவங்களை ஊற்றினால் கனமானது அடியில் தங்கும். திருகைத் திறந்து அதை மட்டும் இறக்கிவிடலாம். பள்ளிப் பதிவேட்டில் 'உடைந்தது' என்று எழுதப்பட்ட, ஆனால் ஒரு கீறலும் விழாத புனல் அது. அது எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அவர் வீட்டு மாடியில் நான் குடியிருக்கிறேன். என் ஜன்னலுக்கு நேர் கீழே அவர்களுடைய கார் ஷெட்டின் வாசல். வீடு ரயில் பெட்டி மாதிரி நீளமானது. தெருவைப் பார்த்த ஒரே அறைக்கு ஷட்டர் போட்டு அதைக் காருக்குக் கொடுத்திருந்தார்கள். அதன் பின்னால் படுக்கையறை, பிறகு சமையலறை, கடைசியில் குளியலறை. சமையலறைக்கும் குளியலறைக்கும் இடையில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற நடை. அந்த நடையில்தான் அக்காவின் தையல் மெஷின் இருந்தது.

அக்கா, லேப் சாரின் மனைவி. தெருவுக்கே தையல் அக்கா. யாராவது குளிக்கப் போகவேண்டுமானால் அக்கா எழுந்து, நாற்காலியை மடக்கி, மெஷினைச் சுவரோடு ஒட்டித் தள்ள வேண்டும். அளவு கொடுக்க வருகிறவர்கள் அடுப்புக்கும் பாத்திர அலமாரிக்கும் நடுவில் கையை விரித்துக்கொண்டு நிற்பார்கள். கார் மட்டும் கால் நீட்டிப் படுத்திருக்கும்.

"என் மாமியார் போய்ச் சேர்ந்து பன்னெண்டு வருஷமாச்சு தம்பி," என்று அக்கா ஒருநாள் என்னிடம் சொன்னார். "அவங்க எடத்துக்கு இது வந்து பதினோரு வருஷம். நல்ல ரூம் அதுக்கு. போர்வை அதுக்கு. ஒரு துரும்பை நகர்த்தாது. அதுக்கு ஒடம்பு சரியில்லன்னா நாம வாயைக் கட்டிக்கிட்டு உக்காரணும்." சொல்லிக்கொண்டே குழாய் வைத்த குடிதண்ணீர் டிரம்மை லேசாக முன்னால் சாய்த்து, எனக்கு ஒரு டம்ளர் பிடித்துக் கொடுத்தார்.

கார், சாரைவிட இரண்டு வயது மூத்தது. வட்டக் கண், நீண்ட மூக்கு, பாலேட்டு நிறம். ஊரைவிட்டுப் போன ஒரு கண் டாக்டர் தள்ளிவிட்டுப் போனது. சார் அதை 'இவங்க' என்பார். அக்காவை 'இவ' என்பார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஷட்டர் எழும்பும். போர்வையை எடுப்பார். இன்ஜினை ஏழு நிமிஷம் ஓடவிடுவார். பிறகு காரை நான்கடி முன்னால் நகர்த்தி, நான்கடி பின்னால் எடுப்பார். டயர் ஒரே இடத்தில் அழுந்தக் கூடாதாம். மறுபடி போர்வை. அந்தக் காலத்து மீட்டர், வண்டி பின்னால் போனால் தானும் பின்னால் போகும். ஆகையால் பதினோரு வருஷ ஓட்டமும் மீட்டரில் மனசாட்சியோடு பதிவாகியிருந்தது: ஏறக்குறைய பூஜ்யம்.

இப்படி இருக்கையில்தான் பெட்ரோல் பங்க்குகளில் எத்தனால் என்கிற எரிசாராயம் கலந்த பெட்ரோல் வந்தது. அந்த வருஷம் காரில் இரண்டு பொருள்கள் கெட்டன. இதை மறுக்க முடியாது. ஒன்று, பழைய ரப்பர் ஹோஸ். சாராயம் பட்டதும் ஊறிப் பருத்து, வியர்க்க ஆரம்பித்தது. இரண்டாவது, டாங்கிக்குள் அளவு காட்டுகிற தக்கை மிதவை. தக்கைக்கு மேலே அரக்குப் பூச்சு பூசியிருந்தார்கள். எத்தனால் அரக்கைக் கரைத்துக் குடித்தது, தக்கை பெட்ரோலைக் குடித்தது, குடித்த தக்கை அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. டாங்கி நிறைய பெட்ரோல் இருக்க, முள் 'காலி' என்று காட்டியது.

தெருமுனை மெக்கானிக் ஒரே பிற்பகலில் இரண்டையும் மாற்றினார். புது ஹோஸ், பித்தளை மிதவை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"எத்தனாலுக்கு ஆகாததெல்லாம் எடுத்தாச்சு சார். இனிமே பயமில்ல. ஆனா வண்டியை ஓட்டுங்க. நிக்கிற வண்டியிலதான் தண்ணி சேரும்."

இந்த நான்கு வாக்கியங்களில் சார் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்: எத்தனால்.

அன்றிலிருந்து உலகத்தில் கெட்டுப்போகிற எல்லாவற்றுக்கும் அவரிடம் காரணம் இருந்தது. ஃபேன் பெல்ட் அறுந்தது: எத்தனால். ஹாரன் தொண்டை கட்டியது: எத்தனால். கண்ணாடி துடைக்கிற கை பாதியில் நின்றது: அதுவும். துடைப்பான் பெட்ரோல் குடிப்பதில்லை என்று சொல்ல நினைத்தேன். நினைத்ததோடு சரி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே ஆட்டக்காரி கூடத்தைவிட்டு நகர்ந்ததே இல்லை, கோணல் மட்டும் தினம் தினம் அளக்கப்பட்டது.

'எரிபொருளில் எரிசாராயம்: எட்டு ஆபத்துகள்' என்று ஒரு துண்டுப் பிரசுரமும் எழுதி அச்சிட்டார். ஐந்து ஆபத்துகள்தான் கைவசம் இருந்தன. ஆறாவது முதலாவதின் தம்பி. ஏழாவதும் எட்டாவதும் இரட்டைப் பிள்ளைகள்.

இவருக்கு ஏற்ற ஓர் இடமும் ஊரில் இருந்தது. பழைய வாகனப் பிரியர் மன்றம். பத்தொன்பது உறுப்பினர்கள், இருபத்திரண்டு வண்டிகள்; அவற்றில் ஓடுகிறவை ஏழு. மாதம் ஒருமுறை கூடி, வண்டிகளைப் பற்றிப் பேசிவிட்டுப் பஸ்ஸில் வீட்டுக்குப் போவார்கள். எத்தனாலுக்கு ஆளுக்கொரு மாற்று மருந்து வைத்திருந்தார்கள். ஒருவர் டாங்கியில் விளக்கெண்ணெய் ஊற்றினார். இன்னொருவர் அந்துருண்டை போட்டார். அவர் வண்டிக்குப் பின்னால் போனால் பீரோவுக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கும். செயலாளர் ஒரு பல் டாக்டர். அவர் எதையும் போடுவதில்லை. வண்டியையும் எடுப்பதில்லை, வருஷத்துக்கு ஒருநாள் நடக்கிற ஊர்வலத்தைத் தவிர.

லேப் சாரின் மருந்துதான் எல்லாவற்றிலும் உசத்தி. அவர் பெட்ரோலைக் கழுவினார்.

முறை இதுதான். பங்க்கில் வாங்கிய பெட்ரோலைப் பிரிபுனலில் ஊற்றி, அதில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் சேர்த்துக் குலுக்குவார். எத்தனாலுக்குப் பெட்ரோலைவிடத் தண்ணீர் மேல்தான் பாசம். பெட்ரோலைக் கைவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். இரண்டும் நிறமற்றவை; எல்லை தெரிய வேண்டுமே என்று தண்ணீரில் நான்கு சொட்டு நீல மை விடுவார். ஒரு மணி நேரம் தெளியவிட்டால் மேலே பெட்ரோல், கீழே நீலம். அடித் திருகைத் திறந்து நீலம் முழுவதையும் இறக்கிவிட்டு, மிச்சத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார். முகத்தில் பிள்ளையைக் குளிப்பாட்டித் துவட்டிய திருப்தி இருக்கும்.

திறந்த பெட்ரோல் இருக்கும்போது வீட்டில் நெருப்புக் கூடாது. இந்த விஷயம் முழுவதிலும் சார் சரியாகச் சொன்னது இது ஒன்றுதான். ஆகவே கழுவுகிற நாளெல்லாம் அடுப்புக்கு விடுமுறை. அக்கா பிரெட்டும் வாழைப்பழமும் சாப்பிட்டபடி தைப்பார்.

அக்காவிடமும் ஒரு வண்டி இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய மொபெட், வயது முப்பத்தொன்று. ஹோஸ் மாற்றிய அதே பிற்பகலில் மெக்கானிக் அதற்கும் ஒரு முழ ஹோஸ் மாற்றினார். அதற்குப் பிறகு அக்கா பங்க்குக்குப் போவார், கொடுக்கிற பெட்ரோலை வாங்குவார், மொபெட் கேட்கிற இன்ஜின் ஆயிலைச் சேர்ப்பார், மூடியைத் திருகுவார், தைத்த துணியைக் கொடுக்கக் கிளம்புவார். தினம் பன்னிரண்டு, பதினைந்து கிலோமீட்டர். மன்றத்தின் விதிப்படி முப்பது வயதான எந்த வண்டியும் பழைய வாகனம். மொபெட்டைப் பற்றி யாருக்கும் தோன்றவில்லை. அது ஓடிக்கொண்டிருந்ததால் கண்ணில் படவில்லை.

போன வருஷம் அக்காவுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. ஒரு நர்சிங் ஹோம், நூற்றிருபது செவிலியர் சீருடைகள், வருஷாவருஷம். அன்று நான் குப்பைக் கூடையோடு படியிறங்கியபோது ஷெட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"ஏங்க, அந்த நர்சிங் ஹோம் மேடம் ஒண்ணாந்தேதி எடத்தைப் பாக்க வர்றாங்க. ரெண்டு மெஷின், ஒரு வெட்டுற மேஜை, தெருவிலேர்ந்து நேரா உள்ள வர்ற மாதிரி ஒரு ரூம். இவ்வளவுதான் கேக்கறாங்க. சமையக்கட்டுல நிக்க வெச்சு அளவெடுத்தா ஆர்டர் போயிடும்."

"நடை இருக்கே."

"நடையில மேஜையைப் போட்டா, நீங்க குளிக்கறதுக்கு மேஜைக்கு அடியில தவழ்ந்துதான் போகணும்."

"அதுக்காக இவங்களை வெயில்ல நிறுத்தச் சொல்றியா? பெயின்ட் என்னத்துக்கு ஆகும்? ஏற்கெனவே எத்தனால் வேற..."

"ஓடாத வண்டியில எத்தனால் இருந்தா என்ன, ஊறுகாய் இருந்தா என்ன?"

சார் பானெட்டின் மேல் கையை வைத்தார், அதன் காதைப் பொத்துகிற மாதிரி.

"ஓடாதுன்னு யார் சொன்னது? வர்ற ஞாயித்துக்கிழமை மன்றத்து ஊர்வலம். நாப்பது கிலோமீட்டர். கயிறு கட்டாம, யாரும் தள்ளாம, இவங்க தன் கால்ல ஓடிக் காட்டுவாங்க. அப்புறம் ஷெட்டுப் பேச்சே எடுக்கக் கூடாது."

"ஓடலேன்னா?"

"ஓடலேன்னா ஷெட்டு உனக்கு."

"இப்படித்தான் பேசுவீங்க. நாளைக்கு எத்தனால் சொல்லிச்சுன்னு மாத்துவீங்க. சாட்சி யாரு?"

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்தார்கள்.

"மாடித் தம்பி என்கூட வண்டியில வரட்டும்," என்றார் சார்.

"சரியான ஆளு," என்றார் அக்கா. "பொய் சொல்லணும்னா முதல்ல வாயைத் தெறக்கணுமே."

நான் "ம்" என்றேன். ஒப்பந்தம் முடிந்தது.

சனிக்கிழமை பிற்பகல் சார் ஒரு சிக்கலைக் கண்டுபிடித்தார். நாற்பது கிலோமீட்டருக்குப் பாதுகாப்பாகப் பதினைந்து லிட்டர் வேண்டும். புனலில் இரண்டிரண்டு லிட்டராகக் கழுவித் தெளியவிட்டால் எட்டு முறை, எட்டு மணி நேரம். அக்கா துணி கொடுக்க வெளியே போயிருந்தார். சார் சமையலறைக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் இருபது லிட்டர் குடிதண்ணீர் டிரம். இருந்த தண்ணீரைத் தெருவில் கவிழ்த்தார்.

மேலிருந்து எல்லாவற்றையும் பார்த்தேன். பெட்ரோலை ஊற்றினார், தண்ணீரை ஊற்றினார், மை விட்டார், மூடியைத் திருகி டிரம்மைக் குழந்தையைப் போல மடியில் போட்டு உருட்டினார். ஒரு மணி நேரம் ஸ்டூலில் உட்கார வைத்தார். டிரம் வெள்ளை பிளாஸ்டிக். உள்ளே இருப்பது தெரியாது. அதனாலென்ன, குழாயில் வருவது தெரியுமே! குழாயைத் திறந்தார். வாளியில் நீலம் கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்து, ஒரு கட்டத்தில் வெளுத்து, நிறமில்லாமல் வந்தது. சட்டென்று மூடினார். அந்தப் பெட்ரோலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மாசு மருவில்லை. பிறகு டிரம்மைத் தோளுக்கு மேல் தூக்கி, தலை அதன் பின்னால் மறைய, டாங்கியின் வாயில் கவிழ்த்தார். ஒரு சொட்டும் வீணாகக் கூடாதென்று அடியில் தட்டி உதறினார்.

சாயங்காலம் தண்ணீர் குடிக்க வந்த அக்கா, டிரம் இருந்த இடத்தில் ஒரு ஈர வட்டத்தைப் பார்த்தார்.

"குடிக்கற தண்ணி டிரம்ல பெட்ரோலா?"

"ஒரு நாள்தானே. கழுவித் தந்துடறேன்."

"கழுவுவீங்க. நீங்க எதைத்தான் கழுவல," என்று சொல்லிவிட்டு அக்கா தண்ணீர் பிடிக்க ஒரு காலிப் பாட்டிலோடு மேலே என் வீட்டுக்கு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு வண்டிகள் வரிசையில் நின்றன. செயலாளர் பச்சைக் கொடியோடு ஒலிபெருக்கியில் சொன்னார்: "நமது லேப் சாரின் வண்டிதான் இந்த ஊர்வலத்தில் கலப்பே இல்லாத தூய பெட்ரோலில் ஓடும் ஒரே வண்டி!" எல்லோரும் கைதட்டினார்கள். சார் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி, அசைக்காமல் வைத்துக்கொண்டார். நான் பக்கத்து இருக்கையில் சாட்சியாக உட்கார்ந்திருந்தேன். அக்கா பின்னால் மொபெட்டில், மடியில் ஒரு துணி மூட்டையோடு. அந்தப் பக்கம் ஒரு ரவிக்கை கொடுக்க வேண்டியிருந்ததாம்.

முப்பது கிலோமீட்டர் வரை கார் ராணி மாதிரி போனது. இது நியாயமாகச் சொல்ல வேண்டியது. சார் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். "கேட்டியா தம்பி சத்தத்தை? சுத்தமான ரத்தம் ஓடுது."

முப்பத்தோராவது கிலோமீட்டரில் ஒரு மேடு. சமதரையில் டாங்கியின் அடியில் சும்மா படுத்துக் கிடந்த ஏதோ ஒன்று, வண்டியின் மூக்கு தூக்கியதும் பின்பக்கம் நகர்ந்து, பெட்ரோல் உறிஞ்சும் குழாயின் வாய்க்கு வந்துவிட்டது. முதலில் ஒரு விக்கல். பிறகு இரண்டு. பிறகு மேட்டின் நடுவில் கார் பெருமூச்சு விட்டு நின்றது.

பல் டாக்டர் சிவப்பு வண்டியில் எங்களைத் தாண்டினார். "என்ன சார், காத்து வாங்கறீங்களா?"

"காட்சி பாக்கறோம்!" என்றார் சார், பல்லைக் கடித்துக்கொண்டு. டாக்டரின் தலை மறைந்ததும் கையை ஸ்டீயரிங்கில் குத்தினார். "பங்க்காரன்! தண்ணி கலந்துட்டான் தம்பி! எத்தனால் இருக்கற பெட்ரோல்ல தண்ணி எப்படிச் சேருது பாத்தியா? ரெண்டாவது ஆபத்து! நான் எழுதியிருக்கேன்!"

அக்கா மொபெட்டை ஓரமாக நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு வந்தார். சார் பானெட்டைத் திறந்து, கார்புரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றினார். பாக்கெட்டிலிருந்து ஒரு சோதனைக் குழாயை எடுத்தார். அதை எப்போதும் வைத்திருப்பார். கிண்ணத்தில் இருந்ததை அதில் ஊற்றி, முப்பத்து நான்கு வருஷப் பழக்கத்தில் கையை உயர்த்தி, வெளிச்சத்தில் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடினார்.

"பாருங்க ரெண்டு பேரும். இதுதான் பங்க்காரன் கொடுத்த..."

குழாயின் மேல்பாதி நிறமற்றிருந்தது. கீழ்ப்பாதி, நல்ல பிற்பகல் வானத்தின் நீலம்.

மூடிய கண்ணும் திறந்தது. ஒரு லாரி எங்களைக் கடந்து மேட்டில் முனகிக்கொண்டு ஏறியது.

அக்காதான் முதலில் பேசினார், ரொம்ப மெதுவாக.

"பங்க்குல நம்ம வீட்டு மையும் விக்கறாங்களா?"

"எல்லா நீலத்தையும் எறக்கிட்டேனே! வெளுத்து வர்ற வரைக்கும் திறந்து விட்டேன்! என் கண்ணால பாத்தேன்!"

"டிரம்மோட குழாய்லேர்ந்தா?"

"வேற எதுலேர்ந்து?"

அக்கா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சார் தப்பித்திருப்பார்.

"அந்தக் குழாய் அடியில இல்லீங்க. அடியிலேர்ந்து ரெண்டு விரல்கடை மேல இருக்கு. அதுக்குக் கீழ இருக்கறது தானா வராது. கடைசி ரெண்டு டம்ளருக்கு டிரம்மைச் சாய்க்கணும். இருபத்தொம்பது வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், நீங்களா எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணி பிடிச்சுக் குடிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்."

குளிக்கப் போய்ச் சேற்றைப் பூசிக்கொண்ட கதைதான். எத்தனால் இருந்தால் பெட்ரோலில் தண்ணீர் சேரும் என்று பயந்து, எத்தனாலை விரட்டத் தண்ணீரை ஊற்றி, அந்தத் தண்ணீரைத் தன் கையாலேயே டாங்கிக்குள் அனுப்பி, உதறியும் விட்டிருந்தார்.

சார் காரின் படியில் உட்கார்ந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு பந்தல், அதில் ஒலிபெருக்கி, அதற்கு முன்னால் பதினெட்டு உறுப்பினர்கள். அவர் உதடு அசைந்தது. பதில்களை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் வண்டியில மூணு லிட்டர் இருக்கு," என்றார் அக்கா.

சார் நிமிர்ந்தார். "அது... கலந்ததாச்சே."

"ஆமா. பங்க்குல குடுத்தது. எத்தனாலோட, என் ஆயிலோட. ரெண்டு பாட்டில்ல பிடிச்சு, டாங்கிலேர்ந்து வர்ற ஹோஸைக் கழட்டிட்டு, பம்புக்குப் போற ஹோஸைப் பாட்டில்ல விட்டா அதுவா உறிஞ்சிக்கும். மெக்கானிக் தம்பி ஒருவாட்டி இப்படிப் பண்ணி ஒரு வண்டியைக் கொண்டுபோனதைப் பாத்திருக்கேன். ஒம்பது கிலோமீட்டர் போயிடலாம். கயிறும் இல்ல, தள்ளவும் வேணாம்."

"நீ எதுக்கு உதவி பண்ற? நான் ஜெயிச்சா உனக்கு..."

"சும்மா பண்றேன்னு யார் சொன்னது? பெட்ரோல் தர்றேன். ஷெட்டு எனக்கு."

"அப்போ நான் ஓட்டி முடிச்சு என்ன பிரயோஜனம்?"

"மானம். அதுக்கு ஷெட்டு வேணாம். எங்க வேணாலும் நிறுத்தலாம்."

சார் காரைப் பார்த்தார். மேட்டின் உச்சியைப் பார்த்தார். பதினோரு வருஷமாகக் காரின் நிழலுக்காக வாதாடியவர். இரண்டில் ஒன்றை எடு என்றதும் எவ்வளவு நேரம் யோசிப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சோதனைக் குழாயைத் துடைத்துப் பாக்கெட்டில் வைக்கிற நேரம்தான் ஆனது.

"மன்றத்துல யாருக்கும் தெரியக் கூடாது," என்றார்.

"தம்பி, நீங்க சாட்சி."

"ம்," என்றேன்.

மீதியை அக்கா பார்த்துக்கொண்டார். அவருடைய பாட்டிலிலும் என்னுடைய பாட்டிலிலும் பெட்ரோல் பிடித்தார். ஒரு பாட்டிலைப் பானெட்டுக்குள் நிறுத்தி, மூட்டையிலிருந்து பார்டர் நாடாவை எடுத்துச் சுற்றி, ஒரு முடிச்சு, மேலே இன்னொரு முடிச்சு. நீல மூக்கொழுக்கோடு தொங்கிய டாங்கி ஹோஸின் வாயை ரவிக்கைத் துணியின் வெட்டுத் துண்டால் அடைத்தார். கிண்ணத்தைத் துடைத்து மாட்டினார்கள். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் இரண்டு முறை இருமி, பிடித்துக்கொண்டது. மிச்சமிருந்த துளித் தண்ணீரை எத்தனாலே கூட்டிக்கொண்டு போய் எரித்திருக்கும். அதற்குத்தான் தண்ணீர் மேல் பாசமாயிற்றே. இதை நான் சாரிடம் சொல்லவில்லை.

நாங்கள் பந்தலுக்குள் நுழைந்தபோது பின்னால் நீலப் புகை ஒரு திரை மாதிரி எழுந்து நின்றது. மொபெட் ஆயில். பல் டாக்டர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"என்ன சார் இது, நீலமா புகையுது?"

சார் கதவைத் திறந்து நிதானமாக இறங்கினார்.

"சுத்தமான பெட்ரோல் எரிஞ்சா இப்படித்தான் சார் இருக்கும். கலப்படத்தையே பாத்துப் பழகின கண்ணுக்குப் புதுசாத்தான் தெரியும்."

பல் டாக்டர் கைக்குட்டையை எடுத்துவிட்டு ஒருமுறை மரியாதையாக மூச்சிழுத்தார்.

தூய எரிபொருளில் ஓடியதற்காக ஒரு சான்றிதழும் சால்வையும் கொடுத்தார்கள். சார் பன்னிரண்டு நிமிஷம் பேசினார். எட்டு ஆபத்துகளையும் சொன்னார். இரண்டாவது ஆபத்தான தண்ணீரைப் பற்றிச் சொல்லும்போது குரல் தழுதழுத்தது. அனுபவம் பேசுகிறது என்று கூட்டம் நெகிழ்ந்தது. முப்பத்தொரு வயது மொபெட் பந்தலுக்கு வெளியே, வண்டிகள் நிறுத்தக் கூடாது என்று எழுதிய இடத்தில் நின்றது. அக்கா கடைசி வரிசையில் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினார்.

திங்கட்கிழமை காலையில் கார் தெருவுக்கு வந்தது. ஒன்றாம் தேதி அந்த மேடம் வந்து, ஷட்டர் வழியாக நேரே உள்ளே நுழைந்து, புது மேஜையைத் தட்டிப் பார்த்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தார். சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ் இருந்தது. "இது என்னம்மா?" என்று கேட்டார். "இந்த ரூம் எனக்கு வந்த பத்திரம் மேடம்," என்றார் அக்கா.

இதெல்லாம் நடந்து பதினான்கு மாதம் ஆகிறது. நூற்றிருபது சீருடைகளையும், அதைப் பார்த்துத் தேடி வந்த மற்ற ஆர்டர்களையும் மொபெட்டில் கொண்டுபோக முடியாது. ஆகவே வாரத்தில் நான்கு நாள் கார் மூட்டைகளோடு போகிறது, சார் ஓட்டுகிறார். பிரிபுனலை வைக்க இடமில்லை; அதில் அக்கா பட்டன் போட்டு வைத்திருக்கிறார். பங்க்கில் கொடுக்கிற பெட்ரோல் நேரே டாங்கிக்குப் போகிறது. கூரையில் பறவை எச்சம், பானெட்டில் பெயின்ட் கொஞ்சம் மங்கல். ஹோஸ் வியர்க்கவில்லை, மிதவை மூழ்கவில்லை, மீட்டர் முன்னால் மட்டுமே ஓடுகிறது. தெருமுனை மெக்கானிக் காரைத் தாண்டும்போதெல்லாம் ஒரு கதவைத் தட்டிவிட்டுப் போகிறார். அவருக்கு அதில் இனி வேலையில்லை.

சார் அந்தக் காருக்குள் உட்கார்ந்துதான் பிரசுரத்தின் இரண்டாம் பதிப்பைத் திருத்துகிறார். ஒன்பதாவது ஆபத்து ஒன்று கிடைத்திருக்கிறதாம்.

"ஏங்க! மூட்டை ரெடி!" என்று ஷட்டருக்குள்ளிருந்து குரல் வரும். சார் பேனாவை மூடுவார். சாவியைத் திருப்புவதற்கு முன், தலையைச் சாய்த்து, ஏதாவது கோளாறு தட்டுப்படாதா என்று காதைத் தீட்டிக்கொள்வார்.

முதல் திருப்பிலேயே பிடித்துக்கொள்ளும். அவர் முகம் கொஞ்சம் வாடும்.